ட்ரோனுக்கு மேக்கப் போடறீங்களா... ஒரு நிமிஷம் பாஸ்!

புது பைக் வாங்கினா மறுநாளே சைலன்ஸரை மாத்தணும், ஸ்டிக்கர் ஒட்டணும், இண்டிகேட்டரைக் கழட்டிட்டு வேற மாட்டணும். நம்ம பரம்பரை வியாதி அது! இப்போ அந்த அரிப்பு பைக்கிலிருந்து கேமரா ட்ரோனுக்குத் தாவியிருக்கு.

கல்ச்சுரல்ஸ் நெருங்கும்போது கிளாஸ்ல காசு போட்டு ஒரு ட்ரோன் வந்து இறங்கிட்டா போதும். "மச்சி, கீழே எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒட்டுடா", "பெரிய பேட்டரி போட்டா மொத்த டான்ஸையும் ஒரே ஷாட்ல அடிச்சிரலாம்டா", "மேலே இன்னொரு ஆக்‌ஷன் கேமரா கட்டுடா"ன்னு ஆளுக்கொரு ஐடியா. பார்க்க சும்மா ஜிவ்வுனுதான் இருக்கும். ஆனா பறக்கும்போது?

பைக்ல அரை கிலோ கூடுதலா ஏத்தினா அதுக்குத் தெரியவே தெரியாது. ஏன்னா, எடையைத் தரை தாங்குது. ட்ரோனுக்குத் தரை கிடையாது பாஸ்... நாலு மோட்டார்தான்! அந்தரத்துல சும்மா நிக்கறதுக்கே ஒவ்வொரு விநாடியும் பேட்டரியைத் தின்னுட்டு இருக்கற ஜீவன் அது. அது தலையில நீங்க வைக்கிற ஒவ்வொரு கிராமுக்கும் பில் வரும். அந்த பில்லை முன்கூட்டியே கணக்குப் போடத் தெரிஞ்சவன்தான் நிஜமான கஸ்டமைஸ் மன்னன்!

ஒன்றரை விதி

நானும் இன்ஜினீயரிங்தான். பயப்படாதீங்க, ஃபார்முலா எழுதி போரடிக்க மாட்டேன். ஒரே ஒரு விதி போதும். ட்ரோன் ஒரே இடத்துல நிக்கறதை ஹோவர்னு சொல்வாங்க. அப்போ அது காற்றைக் கீழே தள்ளிட்டே இருக்கு. எடை கூடினா நிறைய காற்றைத் தள்ளணும், அதையும் வேகமாத் தள்ளணும். ரெண்டு வேலையும் சேர்ந்து ஏறுறதால, எடை ஏறுற சதவிகிதத்தைவிட மின்சாரச் செலவு ஏறுற சதவிகிதம் சுமாரா ஒன்றரை மடங்கு.

எடை 10 சதவிகிதம் கூடினா, செலவு சுமார் 15 சதவிகிதம் கூடும். 20 சதவிகிதம் கூடினா, சுமார் 31 சதவிகிதம். அதாவது 30 நிமிஷம் நின்ன ட்ரோன் முதல் கேஸ்ல 26 நிமிஷம்தான் நிக்கும். ரெண்டாவது கேஸ்ல 23 நிமிஷம்கூடத் தேறாது. எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை ட்ரோன் பேட்டரியிலேயே கோத்துவிட்டா, எடைக்கு ஒரு வெட்டு, வெளிச்சத்துக்கு இன்னொரு வெட்டு!

பெரிய பேட்டரி போட்டா?

எல்லாரும் முதல்ல கேக்கறது இதுதான். பதில், கம்பெனிக்காரங்க கொடுத்த கணக்கிலேயே இருக்கு.

டி.ஜே.ஐ. கம்பெனியோட மினி 3 ப்ரோ 2022-ல் வந்தது. சாதா பேட்டரி 2453 எம்.ஏ.ஹெச்., அதிகபட்சம் 34 நிமிஷம். அதே ட்ரோனுக்கு 3850 எம்.ஏ.ஹெச். ப்ளஸ் பேட்டரியும் உண்டு, அதுல 47 நிமிஷம். மின்சாரம் 57 சதவிகிதம் கூடியிருக்கு. நேரம் கூடினது 38 சதவிகிதம்தான். மீதி எங்கே போச்சு? பெரிய பேட்டரியைத் தூக்கறதுக்கே போச்சு!

இதையே தலைகீழா செஞ்சு காட்டினது 2019-ல் வந்த மேவிக் மினி. உலகம் முழுக்க 249 கிராம், 2400 எம்.ஏ.ஹெச்., 30 நிமிஷம். ஜப்பானுக்கு மட்டும் 199 கிராம், 1100 எம்.ஏ.ஹெச்., 18 நிமிஷம். காரணம், அப்போ அங்கே 200 கிராமுக்குக் குறைஞ்ச ட்ரோனுக்குச் சட்டம் ரொம்பக் கெடுபிடி காட்டலை. 2022 ஜூன்ல அந்த எல்லையை 100 கிராமா குறைச்சுட்டாங்க, அது தனிக்கதை. நமக்கு வேண்டிய பாயின்ட் இதுதான்: பேட்டரி பாதிக்கும் கீழே போயும், நேரம் 60 சதவிகிதம் மிஞ்சியிருக்கு. எடை குறைஞ்சதோட லாபம் அது.

ஸோ, பெரிய பேட்டரி தப்பில்லை. ஆனா ஒவ்வொரு கூடுதல் மில்லி ஆம்பியரும் முந்தினதைவிடக் கம்மியாத்தான் வேலை செய்யும். ஒரு கட்டத்துக்கு மேல போனா, பேட்டரியைத் தூக்கறதுக்காகவே பேட்டரி வாங்கின கதையாயிடும்!

இறக்கையில இருக்கு சூட்சுமம்

ஒண்ணும் ஏத்தாமலே டைம் கூட்ட முடியுமா? முடியும். 2017-ல் வந்த மேவிக் ப்ரோ பிளாட்டினத்தைப் பாருங்க. பழைய மேவிக் ப்ரோவோட அதே உடம்பு. ப்ரொப்பல்லரையும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற சர்க்யூட்டையும் மட்டும் மாத்தினாங்க. 27 நிமிஷம், 30 நிமிஷமாச்சு. சத்தமும் 4 டெசிபல் குறைஞ்சுது.

சொந்தமா ட்ரோன் கட்டறவங்க ப்ரொப்பல்லர் பாக்கெட்டைப் பார்த்தா '5045' மாதிரி நம்பர் இருக்கும். 5 அங்குல விட்டம், 4.5 அங்குல பிட்ச்னு அர்த்தம். பிட்ச்னா, ஒரு சுத்துக்குக் காற்றுல எவ்வளவு முன்னாடி போகும்கிற கணக்கு. பிட்ச் கூடினா வேகம் கிடைக்கும், கூடவே மோட்டார் இழுக்கற கரன்ட்டும் ஏறும். பெரிய விட்டம், மெதுவான சுத்து... இதுதான் நேரம் தர்ற கூட்டணி. மூணு இதழ் ப்ரொப்பல்லர் திருப்பத்துல நல்ல பிடிமானம் கொடுக்கும், ஆனா கொஞ்சம் அதிகமா சாப்பிடும். ரேஸுக்கு அது ஓகே. நிதானமா வீடியோ எடுக்க ரெண்டு இதழே போதும்.

ஓரத்துல லேசா சிதைஞ்ச ப்ரொப்பல்லரை "பரவால்ல மச்சி, ஓடும்"னு மாட்டாதீங்க. அது தர்ற அதிர்வு நேரா கேமராவுக்குப் போகும். வீடியோ ஜெல்லி மாதிரி நெளியும். ஒரு செட் புது ப்ரொப்பல்லர், நீங்க வாங்கப்போற எந்த அலங்காரத்தையும்விட மலிவு!

வெயிட் மட்டும் இல்லை வில்லன்

எங்கே கட்டறீங்கங்கறதும் முக்கியம். முன்னாடி மூக்குல ஒரு கேமராவைத் தொங்கவிட்டா, முன் மோட்டார் ரெண்டும் ஓவர்டைம் பார்க்கும், பின் மோட்டார் ரெண்டும் சும்மா இருக்கும். லேண்ட் ஆனதும் பேட்டரியைக் கழட்டிட்டு மோட்டார்களைத் தொட்டுப் பாருங்க. ரெண்டு மட்டும் கொதிச்சா, எடை நடுவுல இல்லைன்னு அர்த்தம். பேட்டரியைக் கொஞ்சம் பின்னாடி நகர்த்தினாலே பாதி பிரச்னை தீர்ந்துடும்.

அடுத்து திசைகாட்டி. ட்ரோனுக்குள்ள இருக்கற காம்பஸ் ரொம்ப சென்சிட்டிவ் பார்ட்டி. அது பக்கத்துல காந்தம், ஸ்பீக்கர், தடிமனான கரன்ட் வயர்னு எதைக் கொண்டுவந்தாலும் குழம்பிடும். நேரா நிக்கச் சொன்னா வட்டம் வட்டமா சுத்திக்கிட்டே விலகிப் போகும். ட்ரோன்காரங்க இதுக்கு வெச்சிருக்கற பேர், 'டாய்லெட் பவுல் எஃபெக்ட்'. சிரிக்காதீங்க, நிஜமாவே அதான் பேர்!

எல்லாத்தையும்விட முக்கியம், கையிருப்பு. நாலு மோட்டாரும் முழு மூச்சா தள்ளுற விசை, மொத்த எடையைப்போல ரெண்டு மடங்காவது இருக்கணும்கிறது ட்ரோன் கட்டறவங்க பின்பற்றுற விதி. 800 கிராம் ட்ரோன், 1600 கிராம் தள்ளும்னு வெச்சுக்கோங்க. அதுல 300 கிராம் ஏத்தினா, விகிதம் ஒன்றரைக்கும் கீழே வந்துடுது. அமைதியான காலையில அழகா பறக்கும். சாயங்காலம் ஒரு காத்து பக்கவாட்டுல அடிச்சா, நிமிர்றதுக்குத் தெம்பு இருக்காது. நேர் கீழே வேகமா இறக்கினா, தான் தள்ளுற காற்றுக்குள்ளேயே மாட்டிக்கிட்டுத் தள்ளாடும். அதனால கனமான ட்ரோனைச் சாய்வா, மெதுவாத்தான் இறக்கணும்.

ஊட்டிக்கு டூர் போறீங்களா? அங்கே 2,240 மீட்டர் உயரத்துல காற்றோட அடர்த்தி சென்னையைவிட சுமார் 20 சதவிகிதம் கம்மி. எதையும் மாட்டாமலே, ஹோவருக்கு 10 சதவிகிதத்துக்கு மேல கூடுதல் செலவு. அங்கே போயும் மேக்கப்போட பறக்கவிட்டா... பாவம் அந்த மோட்டார்!

அந்த ஒரு கிராம்

நம்ம நாட்டு 'ட்ரோன் விதிகள் 2021' எடையை வெச்சுத்தான் வகை பிரிக்குது. 250 கிராம் வரை நேனோ. அதுக்கு மேல 2 கிலோ வரை மைக்ரோ. கணக்குல வர்றது ட்ரோன் மட்டும் இல்லை, அது தூக்கிட்டுப் போற சகலமும்! 249 கிராம் ட்ரோன்ல ரெண்டு கிராம் ஸ்டிக்கர் ஒட்டினா, சட்டப்படி அது வேற வண்டி. விதிகளும் வேற. எங்கே பறக்கலாம்னு பச்சை, மஞ்சள், சிவப்பு கலர்ல காட்டுற டிஜிட்டல் ஸ்கை மேப் 2021 செப்டம்பர்ல வந்தது. கிளம்பறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை பார்த்துடுங்க.

இன்னொரு விஷயம், 2022 பிப்ரவரியில வெளிநாட்டு ரெடிமேட் ட்ரோன் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டுச்சு. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. பாகங்களுக்குத் தடை இல்லை. அதனால வாங்கி ஒட்டறதைவிட, பாகம் பாகமா நாமளே கட்டறதுக்கு வழி திறந்தே இருக்கு.

கட்டறதுல ஒரு சௌகரியம் உண்டு. எதைத் தூக்கணும்னு முதல்ல முடிவு பண்ணிட்டு, அதுக்கு ஏத்த மோட்டார், ப்ரொப்பல்லர், பேட்டரியைத் தேர்ந்தெடுக்கலாம். 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' ட்ரோன் போட்டியில வேலை இதுதான்னு முன்னாடியே சொல்லிட்டாங்க... தூரத்துல இருக்கற ஒருத்தர்கிட்டேயிருந்து ரத்த மாதிரியை எடுத்துட்டு வரணும். அதுல நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தோட 'தக்‌ஷா' டீம் ரெண்டாவது இடம் பிடிச்சு கலக்கினாங்க. அவங்களுக்கு ஆலோசகர் நம்ம அஜித்! வேலை முதல்ல, மெஷின் அப்புறம்... இதுதான் சரியான வரிசை.

டெஸ்ட் பண்ணுங்க, அப்புறம் கெத்து காட்டுங்க

* ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்க. மாட்டப்போற ஒவ்வொண்ணையும் எடை போட்டு நோட்டுல எழுதுங்க.

* எதுவும் மாட்டாம, காத்து இல்லாத நேரத்துல, ஆள் இல்லாத கிரவுண்டுல, ரெண்டு மீட்டர் உயரத்துல ஹோவர் பண்ணுங்க. பேட்டரி 30 சதவிகிதத்துக்கு வர எத்தனை நிமிஷம்னு குறிச்சு வைங்க. அதுதான் உங்க அளவுகோல்.

* ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். மறுபடி அதே டெஸ்ட். நாலையும் ஒண்ணா மாத்தினா, எது சொதப்புச்சுன்னே தெரியாது.

* கேமரா முன்னாடி மாட்டுற ஃபில்டர், அந்த மாடலுக்குன்னே செஞ்சதா இருக்கட்டும். கேமராவை ஆடாம பிடிக்கற கிம்பல் மோட்டார் ரொம்பக் குட்டி. கூடுதல் கனம் தாங்காது.

* ஸ்டிக்கரோ, கவரோ காற்றோட்ட ஓட்டையை அடைக்கக் கூடாது. உப்பின பேட்டரிக்கு ஸ்ட்ரெய்ட்டா ரிட்டயர்மென்ட்!

இவ்வளவு ஏன் சொல்றேன்னா, ட்ரோன் தோத்தா நிக்காது, விழும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழற ட்ரோன் தரைக்கு வரும்போது வேகம் மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர். 2015 டிசம்பர்ல இத்தாலியில நடந்த பனிச்சறுக்குப் போட்டியில, ஆஸ்திரிய வீரர் மார்செல் ஹிர்ஷர் சறுக்கிட்டு இருக்கும்போதே கேமரா ட்ரோன் ஒண்ணு அவர் முதுகுக்குப் பின்னாடி விழுந்து நொறுங்குச்சு. மயிரிழையில தப்பிச்சார். அதுக்கப்புறம் அந்த விளையாட்டோட சர்வதேச அமைப்பு கேமரா ட்ரோனுக்கே தடை போட்டுது. அங்கே ஒரு வீரர். கல்ச்சுரல்ஸ்ல உங்க ட்ரோனுக்குக் கீழே இருக்கப்போறது முதல் வரிசை ஜூனியர்ஸ், விசில் அடிக்கிற உங்க ஃப்ரெண்ட், ஓரமா நிக்கற வாட்ச்மேன் அண்ணா.

அதனால கஸ்டமைஸ் பண்ணுங்க, வேண்டாம்னே சொல்லலை. ஆனா கூட்டத்துக்கு மேல கொண்டு போகாம, ஓரமா நின்னு எடுங்க. அடுத்த தடவை எவனாவது "மச்சி, இதையும் ஒட்டுடா"ன்னு வந்தா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எத்தனை கிராம்?"

பதில் தெரியலைன்னா, முதல்ல தராசு வாங்கிட்டு வரச் சொல்லுங்க!