கயிறில்லாத் தெப்பம்

செட்டிநாட்டில் கடல் இல்லை. வற்றாத ஆறும் இல்லை. ஆயினும், கலம் மிதப்பதைக் கண்டிராத சிறுவர் இங்கு அரியர். தெப்பத் திருவிழா இரவில், வெற்றுப் பீப்பாய்களின்மேல் பரப்பிய பலகைத் தளம் இறைவனின் திருவுருவையும் விளக்குகளையும் சுமந்து குளத்தைச் சுற்றி வருவதைப் படிக்கட்டில் அமர்ந்து பார்த்திருப்பர். அத்தெப்பம் தானே செல்வதில்லை. கரையில் நிற்போர் வடம்பிடித்து இழுக்கின்றனர். அதை நகர்த்துவதும் திருப்புவதும் கயிறே. அக்கயிற்றை நீக்கிவிட்டுக் கரையில் நின்றபடியே ஒரு கலத்தைச் செலுத்த இயலுமா?

இயலும் என்பதை 1898-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் மேடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் நிக்கோலா டெஸ்லா மெய்ப்பித்தார். நீர்த்தொட்டியில் மிதந்த சிறு உலோகப் படகு, அவர் அனுப்பிய வானொலி அலைகளுக்கேற்பத் திரும்பியது. தன் விளக்குகளை ஏற்றியும் அணைத்தும் காட்டியது. வானொலி ஒலிபரப்பே தோன்றாத காலம் அது. கண்டவர்களுள் சிலர் அதனை மாயவித்தை என்றே எண்ணினர். அதே ஆண்டு நவம்பர் 8 அன்று டெஸ்லா அதற்குக் காப்புரிமை பெற்றார்.

அன்று மாயமாகத் தோன்றியதை இன்று காரைக்குடியில் பயிலும் மாணவர் ஒருவர் தம் வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். பரப்பி, ஏற்பி, மோட்டார், மின்கலம் ஆகியவை கடையில் கிடைக்கும். கடையில் வாங்காமல் கையால் செய்யவேண்டியது உடற்பகுதி. தொடக்கநிலையினர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மின்கருவிகள்மீது கொண்ட ஆர்வத்தால் உடற்பகுதியை விரைந்து முடித்துவிடுவர். படகும் விரைந்து மூழ்கிவிடும்.

செட்டிநாட்டு மாளிகைகளைத் தாங்கும் பர்மாத் தேக்கு இதற்கு ஏற்றதன்று. அதன் எடை மிகுதி. மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள, நீர் தாங்கும் பிளைவுட் போதும். 60 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம் என அளவுகளைக் கொள்வோம். தட்டையான அடிப்பலகை, இரு பக்கப் பலகைகள், பின்பலகை, முன்புறம் கூராகக் குவியும் அணியம் என அமைப்பு எளிதாக இருக்கட்டும். மேல்தளத்துடன் சேர்த்து இதன் எடை ஏறத்தாழ 700 கிராம் ஆகும்.

இப்படகு எவ்வளவு சுமக்கும்? மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை வெளியேற்றும் என்பது ஆர்க்கிமிடீசு விதி. படகு முழுச் செவ்வகமாக இருப்பின், ஒரு செ.மீ. ஆழம் அமிழும்போது 60 × 20 × 1 = 1200 கன செ.மீ. நீர், அதாவது 1.2 கிலோகிராம் நீர் விலகும். அணியம் கூராக இருப்பதால் கால்பங்கைக் கழித்தால் 900 கிராம் எஞ்சும். கருவிகளும் மின்கலமும் சேர்ந்து மொத்த எடை ஒன்றரைக் கிலோ ஆயின், படகு இரண்டு செ.மீட்டருக்கும் குறைவாகவே அமிழும், ஆறு செ.மீ. சுவர் நீருக்குமேல் நிற்கும். பலகையை அறுப்பதற்கு முன்பே இக்கணக்கைத் தாளில் போட்டுவிட வேண்டும்.

மிதந்தால் மட்டும் போதாது. சாய்ந்தபின் நிமிரவும் வேண்டும். படகு ஒருபுறம் சாயும்போது அப்புறத்தில் மிகுதியான நீர் விலகுவதால், மேல்நோக்கிய உந்துவிசையும் அப்பக்கம் நகர்ந்து படகை நிமிர்த்த முயல்கிறது. எடை கீழே இருந்தால் அம்முயற்சி வெல்லும். எடை மேலே ஏறியிருந்தால் தோற்கும். பரந்த தெப்பம் உயரமான அலங்காரத்தையும் ஆள்களையும் சுமந்து கவிழாமல் நிற்பது அதன் அகலத்தால். நம் படகு அத்துணை அகலமன்று. எனவே, எடைமிக்க மின்கலத்தை அடிப்பலகையின்மேல், நடுக்கோட்டில் பொருத்துவது நன்று. அழகு கருதி உயரமான மேற்கட்டுமானம் அமைக்கும் ஆசையை முதற்படகில் விட்டுவிடலாம்.

அடுத்தது நீர்க்கசிவு. முன்னாளில் கப்பல் கட்டுவோர் பலகை இடுக்குகளில் நார் திணித்து, எண்ணெயும் சுண்ணாம்பும் கலந்து பூசினர். நாம் எப்பாக்சிப் பிசினை உள்ளும் புறமும் இருமுறை பூசுகிறோம். மூலைகளில் மும்முறை பூசினாலும் தவறில்லை. பின்பு, எந்தக் கருவியும் வைக்காமல், கருவிகளின் எடைக்கு ஈடான மணல் பைகளை வைத்து நீர்த்தொட்டியில் ஓர் இரவு முழுவதும் படகை மிதக்கவிட வேண்டும். விடியலில் உட்புறம் உலர்ந்திருந்தால் மட்டுமே மேற்கொண்டு செல்லலாம்.

உந்துவிசிறியின் தண்டு உடற்பகுதியைத் துளைத்து வெளிவரும் இடமே நீர் புகும் முதன்மை வாயில். தண்டைப் பித்தளைக் குழாயினுள் செலுத்தி, இடைவெளியைக் கிரீசால் நிரப்புவர். குழாயின் உள்முனை நீர்மட்டத்திற்குமேல் இருக்குமாறு சாய்த்துப் பொருத்தினால் கசிவு பெரிதும் குறையும். மோட்டாரும் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமையாவிடின் அதிர்வு எழும், மோட்டார் சூடேறும், மின்னாற்றல் வீணாகும்.

இனி, கயிற்றின் இடத்தில் வந்த அலை. இன்றைய கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பயன்படுத்துகின்றன. அதாவது, நொடிக்கு 240 கோடி அதிர்வுகள். அலைநீளம் 12.5 செ.மீ. நீர் இவ்வலைகளை எளிதில் உறிஞ்சிவிடும். ஆதலால் ஏற்பியின் அலைவாங்கி நீர்மட்டத்திற்கு மேலே, செங்குத்தாக நிற்க வேண்டும். ஏற்பியானது நொடிக்கு ஏறத்தாழ 50 மின்துடிப்புகளைச் சர்வோ மோட்டாருக்கு அனுப்புகிறது. துடிப்பு 1.5 மில்லிநொடி நீடித்தால் சுக்கான் நேராக நிற்கும்; ஒரு மில்லிநொடியாகக் குறைந்தால் ஒருபுறமும், இரண்டாக நீண்டால் மறுபுறமும் திரும்பும். மோட்டாரின் வேகத்தை ஆளும் கருவிக்கும் இதே மொழிதான்.

இவை அனைத்திற்கும் உயிர் மின்கலம். மின்கல ஆய்வு காரைக்குடிக்கு அயலானதன்று. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 சூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 சனவரி 14 அன்று இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்குதான் உள்ளது. ஊரார் 'சிக்ரி' என அழைக்கும் இந்நிறுவனத்தில் மின்கலங்களும் உலோக அரிப்பும் ஆராயப்படுகின்றன. நம் படகிற்கோ, 1.2 வோல்ட்டு நிக்கல் உலோக ஹைட்ரைடு கலங்கள் ஆறு போதும், மொத்தம் 7.2 வோல்ட்டு. கொள்ளளவு 2000 மில்லி ஆம்பியர்-மணி எனில், மோட்டார் நான்கு ஆம்பியர் இழுக்கும்போது அரைமணி நேரம் ஓடும். லித்தியம் கலம் எடை குறைந்தது. ஆனால் பழுதானாலோ முறைதவறி மின்னேற்றினாலோ தீப்பற்றக்கூடும். தொடக்கத்தில் அதனைத் தவிர்க்கலாம்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பின், மார்கழி, தை மாதங்களில் ஊருணிகளில் நீர் நிறைந்திருக்கும். குடிநீர் ஊருணியில் படகை விடுதல் கூடாது. தண்டின் கிரீசு நீரில் கலக்கும். வேறு நீர்நிலையாயினும் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். ஏனெனில், படகு நடுநீரில் நின்றுவிடும் நாள் ஒன்று உறுதியாக வரும். ஊருணியின் அடியில் சேறு இருக்கும். பாசிபடிந்த படிகள் வழுக்கும். பல மாதங்கள் உழைத்துச் செய்த படகு கண்ணெதிரே நிற்கும்போது நீரில் இறங்கக் கால் துடிக்கும். இறங்கவே கூடாது. காற்று அதனை மெல்லக் கரைசேர்க்கும். சேர்க்காவிடில் படகு போகட்டும். அலைத்தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்குமாறு ஏற்பியை முன்கூட்டியே அமைத்து, கரையிலேயே பரப்பியை அணைத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

முதற்சில ஓட்டங்களில் படகின் பின்பலகையில் தூண்டில் நரம்பைக் கட்டி, மறுமுனையைக் கரையில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். அது உந்துவிசிறியில் சிக்காதவாறு உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் மூடியைத் திறந்து, உலர்ந்த துணியால் உட்புறத்தை ஒற்றிப் பார்க்க வேண்டும். தொடர்ந்து சில ஓட்டங்களில் துணி நனையாமல் வந்தபின் நரம்பை அவிழ்க்கலாம்.