ஒரே கணினி, மூன்று ஷிப்ட்: உள்ளே இருப்பது யார்?

நெய்வேலி ஷிப்ட் கணக்கில் வாழும் ஊர். ஒருவர் எழுந்த நாற்காலியில் அடுத்தவர் உட்காருவது இங்கே பழகிப்போனது. ஆள் மாறியது நம் கண்ணுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. முன்னவர் லாக் அவுட் செய்யாமல் போய், பின்னவர் அப்படியே வேலையைத் தொடர்ந்தால், கணினியைப் பொறுத்தவரை காலையில் வந்தவர்தான் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. நாளை ஒரு கோப்பு காணாமல் போனால் கேள்வி அவரிடம்தான் போகும்.

பொதுக் கணினியில் இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்ப்பது எளிது. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் (இங்கும் ஷிப்ட்தான்!) டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'யூசர்ஸ்' பகுதிக்குப் போனால் பெயர்கள் இருக்கும். ஒரு பெயருக்கு எதிரே 'டிஸ்கனெக்டட்' என்றிருந்தால், அவர் முழுதாக வெளியேறவில்லை. அவர் திறந்தவை பின்னால் ஓடிக்கொண்டிருக்கலாம்.

முன்பு யார் வந்து போனார்கள் என்பதற்கு ஈவென்ட் வியூவர் வேண்டும். அட்மின் உரிமை உள்ளவர் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் செக்யூரிட்டி என்று போகலாம். 4624 என்ற எண் வெற்றிகரமான நுழைவு. 4625 தோற்றுப்போன முயற்சி. நள்ளிரவில் 4625 வரிசையாக நின்றால் யாரோ பாஸ்வேர்டை ஊகித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். 4624 நூற்றுக்கணக்கில் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், பெரும்பாலும் விண்டோஸ் தன் வேலைக்காகத் தானே நுழைவதுதான். 'லாகான் டைப்' என்ற வரியைப் பாருங்கள். 2 என்றால் கணினி முன் உட்கார்ந்து நுழைந்தவர். 7 என்றால் பூட்டிய திரையைத் திறந்தவர். 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப் வழியே தொலைவிலிருந்து வந்தவர். இந்தப் பதிவேட்டுக்கு வழக்கமாக ஒதுக்கப்படுவது 20 எம்பி. நிரம்பினால் பழையது அழிந்து புதியது ஏறும். ஆகவே தாமதிக்கக் கூடாது. யாராவது பதிவேட்டையே துடைத்திருந்தால், 1102 என்ற எண் அதையும் காட்டிக்கொடுக்கும்.

லினக்ஸில் வேலை இன்னும் சுருக்கம். 'ஹூ' என்ற கட்டளை இப்போது இருப்பவரைச் சொல்லும், 'லாஸ்ட்' வந்துபோனவரைச் சொல்லும். 'ஹூ' 1971இல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இருக்கிறது. பலர் பகிரும் கணினியில் இந்தக் கேள்வி எவ்வளவு பழையது பாருங்கள்.

ஆனால் இவை எல்லாம் சொல்வது யூசர் பெயரைத்தான், ஆளை அல்ல. 1986இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினி நேரத்துக்கான கட்டணக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. அற்பத் தொகை என்று விடாமல் அங்கே வேலை பார்த்த கிளிஃப் ஸ்டோல் துருவினார். அப்போது இங்கிலாந்தில் இருந்த ஒருவரின் பெயரில் யாரோ உள்ளே உலவிக்கொண்டிருந்தது தெரிந்தது. கடைசியில் பிடிபட்டவர் மேற்கு ஜெர்மனியின் மார்க்கஸ் ஹெஸ். திருடிய தகவல் போய்ச் சேர்ந்த இடம் சோவியத் உளவு அமைப்பான கேஜிபி.

ஒரே பாஸ்வேர்டை மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்து எல்லோரும் பயன்படுத்தும் இடத்தில் 4624ஐத் தேடுவது வீண் வேலை. ஆளுக்கொரு யூசர் பெயர் கொடுப்பதும், எழும்போது விண்டோஸ் விசையுடன் 'எல்' அழுத்திப் பூட்டுவதும்தான் பதிவேட்டுக்கு அர்த்தம் தரும்.

அப்ரண்டிஸ் விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டருக்குப் போகும் பிள்ளைகளின் கதை வேறு. அங்கே கணினி அவர்களுடையது அல்ல, ஈவென்ட் வியூவரைத் திறக்க முடியாது. மத்திய அரசின் 2011ஆம் ஆண்டு சைபர் கஃபே விதிகளின்படி, அடையாள அட்டையைப் பார்த்து, யார் எந்தக் கணினியில் எப்போது உட்கார்ந்தார், எப்போது எழுந்தார் என்று கடைக்காரர் எழுதி ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். ஆதாரைக் கேட்டால் எரிச்சல்படுகிறோம். பின்னால் வழக்கு என்று வந்தால் நாம் அங்கு இல்லை என்று காட்டுவதும் அதே நோட்டுதான்.

ஜிமெயிலைத் திறந்தபடியே வந்துவிட்டோமோ என்று வழியில் சந்தேகம் வந்தால் திரும்பி ஓட வேண்டாம். போனில் கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் 'யுவர் டிவைசஸ்' என்ற பட்டியல் இருக்கும். தெரியாத கணினியை அங்கிருந்தே வெளியேற்றலாம். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்'. பிறகு ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பணம் போயிருந்தால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.