163 மீட்டர் மலையும் இரண்டு வாழைப்பழமும்

''நான் கீழேயே உட்கார்ந்திருக்கேன். நீங்க போயிட்டு வாங்க!''

போன கோடை விடுமுறையில், சிங்கப்பூரின் புக்கிட் தீமா மலையடிவாரத்தில் நின்றுகொண்டு அம்மா சொன்னது இது. அம்மாவுக்கு 67 வயது. திருச்சிக்காரர். ஒரு காலத்தில் சங்கடஹர சதுர்த்தி தவறாமல், 400-க்கும் மேற்பட்ட படிகள் ஏறி மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வந்தவர். மூன்று வருடங்களுக்கு முன் 'மூட்டுத் தேய்மானம்' என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, கீழே மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். ''தினமும் நடங்க, எடையைக் குறைங்க'' என்பதுதான் டாக்டர் சொன்னது. அம்மா காதில் விழுந்ததோ, 'இனிமேல் ஏறாதே' என்று!

சிங்கப்பூர் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது உயரமான கட்டடங்களும், செந்தோசாவும், முஸ்தபா கடையும்தான். அங்கே குடியிருக்கும் என் தங்கைதான், ''ஒரு நாளாவது காட்டைப் பாருங்கக்கா'' என்று பிடிவாதமாக அழைத்துப் போனாள். 'பியூட்டி வோர்ல்ட்' ரயில் நிலையத்தில் இறங்கி, கால் மணி நேரம் நடந்தால் மலையடிவாரம். நிலையத்தின் பெயர்ப் பலகையில் தமிழைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மலையின் சரிவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு மறைந்துவிட்டது.

குட்டி மலை, பெரிய காடு

புக்கிட் தீமாவின் உயரம் 163.63 மீட்டர்தான். ஆனால், சிங்கப்பூரில் இதைவிட உயரமான இயற்கைக் குன்று கிடையாது. மலாய் மொழியில் 'புக்கிட்' என்றால் குன்று, 'தீமா' என்றால் வெள்ளீயம். பெயரில்தான் ஈயம், மலை முழுக்க கருங்கல். அதனாலேயே பல காலம் இதைச் சுற்றிக் குவாரிகள் இருந்தன. கல் வெட்டிய பள்ளங்களில் ஒன்று இன்று தண்ணீர் நிரம்பி, அடிவாரத்திலேயே பச்சைக் குளமாகக் கிடக்கிறது.

கல்லை வெட்டியவர்கள் மலையின் காட்டையும் அழித்திருப்பார்கள். அதைக் காப்பாற்றியது 1883-ம் ஆண்டு எடுத்த முடிவு. ஆங்கிலேயர் ஆட்சியில், மரங்கள் வேகமாக அழிவதைக் கண்டு இந்த மலையைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். இன்று இதன் பரப்பளவு சுமார் 163 ஹெக்டேர். நம் கணக்கில் 400 ஏக்கர்.

அதற்கும் முன்பே, 1854-ல் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் இங்கே வந்து தங்கினார். டார்வினைப் போலவே பரிணாமக் கொள்கையைத் தனியாகக் கண்டடைந்தவர் இவர். இரண்டே மாதங்களில், இந்தச் சிறிய இடத்தில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். இதைச் சொன்னதும் என் ஒன்பது வயது மகன் செல்போனைப் பையில் போட்டுவிட்டு வண்டு தேட ஆரம்பித்துவிட்டான். அதற்காகவே வாலஸுக்கு ஒரு நன்றி!

''இது நம்ம குங்கிலியமாடி?''

உச்சிக்குப் போகும் தார்ச்சாலை, தொடக்கத்திலேயே செங்குத்தாக எழுகிறது. தூரம் ஒன்றேகால் கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால், முதல் ஐந்து நிமிடத்திலேயே நெஞ்சு படபடக்கிறது. 'நூறு அடி ஏறு, ஒரு நிமிஷம் நில்' என்று தங்கை ஒரு கணக்கு வைத்தாள். ''பேசிக்கிட்டே ஏற முடியணும். பேச முடியலைன்னா நின்னுடணும்'' என்பது அவளுடைய இரண்டாவது விதி. பேச்சு என்றதும் அம்மா சம்மதித்துவிட்டார்!

இருபுறமும் அண்ணாந்து பார்க்க வைக்கும் மரங்கள். கிளையே இல்லாமல் நெடுநெடுவென்று எழுந்து, மேலே குடை விரிக்கின்றன. இவற்றில் முக்கியமானது 'செராயா'. நம் நாட்டுக் குங்கிலிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்து மரங்கள் பலவற்றின் விதைகளுக்கு இறக்கை உண்டு. காற்றில் சுழன்று சுழன்று இறங்கும். வருடா வருடம் காய்க்காது. பல வருடங்களுக்கு ஒருமுறை, காட்டிலுள்ள மரங்கள் பேசி வைத்ததுபோல் சேர்ந்து காய்த்துக் கொட்டும்.

''நாம தூபம் போடுற குங்கிலியமாடி?'' என்று அம்மா மரத்தைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் பிரம்புக்கொடியைக் கண்டுபிடித்தார். ''எங்க ஸ்கூல்ல வாத்தியார் கையில இருந்தது இதுதான்டா கண்ணா!'' என்று பேரனிடம் முள்ளைக் காட்டினார். கால் வலி பற்றிய பேச்சு எப்போது நின்றது என்று எங்களுக்கே தெரியவில்லை.

அபராதம் 5,000 டாலர்

பாதி வழியில் குரங்குக் கூட்டம். சாம்பல் பழுப்பு நிறம், நீளமான வால். மலைக்கோவில்களில் நாம் பார்க்கும் குரங்குகளின் உறவுக்காரர்கள். அம்மாவின் கை தானாகப் பைக்குள் போனது. வழியில் சாப்பிட வைத்திருந்த இரண்டு வாழைப்பழங்கள்!

அந்த நேரம் பார்த்து வந்த பூங்காப் பணியாளர் ஒருவர், மரியாதையாகக் கையெடுத்து 'வேண்டாம்' என்று காட்டினார். தங்கை விளக்கினாள். சிங்கப்பூரில் 2020 முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி, காட்டு விலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் முறை 5,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 10,000 வரை.

அம்மாவுக்குக் கோபம். ''வாயில்லா ஜீவனுக்கு ஒரு பழம் கொடுத்தா குத்தமா? ஆஞ்சநேயருக்குப் போடுறதா நினைச்சுத்தானே கொடுக்கிறோம்!''

நானும் அப்படி நினைத்து வளர்ந்தவள்தான். ஆனால், தங்கை சொன்னது யோசிக்க வைத்தது. ''அம்மா, இந்தக் குரங்கு காட்டுப் பழத்தைத் தின்னு, கொட்டையை வேற இடத்துல போடுது. அங்கே மரம் முளைக்குது. நம்ம பழத்துக்குப் பழகிட்டா அது ரோட்டோரமே உட்கார்ந்துடும். கார்ல அடிபடும். பிளாஸ்டிக் பையைப் பார்த்தாலே பிடுங்கும். வீட்டுக்குள்ள நுழையும். அப்புறம் 'தொல்லை'ன்னு புகார் போகும். பிடிச்சுட்டுப் போவாங்க. கடைசியில நம்ம பழமே அதுக்கு எமன்.''

அம்மா பதில் பேசவில்லை. பழங்களைத் துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்தார்.

உடுக்கை போல் ஒரு பாலம்

காட்டுக்கும் ஒரு காயம் உண்டு. 1980-களில் போட்ட விரைவுச்சாலை, இந்த மலையைப் பக்கத்திலிருந்த பெரிய காட்டிலிருந்து இரண்டாகப் பிரித்துவிட்டது. சாலையைக் கடக்கப்போன எறும்புத்தின்னிகள் வண்டிகளில் அடிபட்டன. 2013-ல் அந்தச் சாலைக்கு மேலே, விலங்குகளுக்காகவே ஒரு பாலம் கட்டி, அதில் மரம் செடிகளை நட்டார்கள். உடுக்கை போல நடுவில் ஒடுங்கிய பாலம். அதில் எறும்புத்தின்னி நடந்து போவதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன.

மனிதர்கள் நடந்து நடந்தே மலைச்சரிவும் பாதைகளும் சேதமானதால், 2014 செப்டம்பரில் சீரமைப்புப் பணிகள் தொடங்கின. எல்லாம் முடிந்து முழுமையாகத் திறந்தது 2016 அக்டோபரில். அதுவரை இந்த மலைக்கும் ஓய்வு தேவைப்பட்டிருக்கிறது. ''எனக்கு மூட்டு, இதுக்கு மண்ணா?'' என்றார் அம்மா.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் படிகள் பிரிகின்றன. பேரன் படியில் ஓடினான். அம்மா சாலை வழியே சுற்றி வந்தார். மேலே, மரங்கள் மறைப்பதால் ஊரெல்லாம் தெரியும் காட்சி எதுவும் இல்லை. தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்றும், உயரம் பொறித்த பாறையும்தான். அந்தப் பாறையைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்ற போட்டோதான் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது.

இறங்கும்போதுதான் முட்டி வலித்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, சாய்வாக, மெதுவாக இறங்கினார். இரவு சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தேன். ''வலி இருக்குடி. ஆனா பயம் போச்சு'' என்றார். பிறகு பையிலிருந்து கறுத்துப்போன அந்த இரண்டு வாழைப்பழங்களை எடுத்து, பேரனுக்கு ஒன்று கொடுத்துவிட்டுத் தானும் ஒன்று சாப்பிட்டார்.

ஊருக்குத் திரும்பிய அடுத்த சதுர்த்தியன்று, டாக்டரிடம் கேட்டுவிட்டு மலைக்கோட்டைக்குப் போனோம். தாயுமானவர் சன்னதி வரை ஏறினார். உச்சிப்பிள்ளையார் இன்னும் பாக்கி. வழியில் குரங்கு வந்தபோது, அம்மா தேங்காய்மூடியைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

புக்கிட் தீமா போகிறீர்களா?

* காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். கட்டணம் இல்லை.

* காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் இடி மழை வருவது அங்கே சகஜம்.

* வழுக்காத ஷூ அவசியம். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

* கழிவறை அடிவாரத்தில் இருக்கிறது. ஏறும் முன் போய்விடுவது நல்லது.

* உணவுப் பொருளையும் பிளாஸ்டிக் பையையும் கையில் வைத்திருக்காதீர்கள். குரங்கு நெருங்கினால் முறைத்துப் பார்க்காமல், ஓடாமல், மெதுவாக விலகுங்கள்.

* மூட்டு வலி, இதயப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே ஏறுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குக் கஷ்டம். ஊன்றுகோல் உதவும்.