உங்களுக்குத் தெரியுமா? கோமாளி மீன்களில் பெண் பின்னரே உருவாகிறது

கடல்நீர்த் தொட்டிகளில் பெரிதும் விரும்பி வளர்க்கப்படும் கோமாளி மீன்கள் அனைத்தும் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. கூட்டத்தில் மிகப் பெரிதாக வளர்ந்து ஏனையவற்றை அடக்கியாளும் மீனே பின்னர் பெண்ணாகிறது, அது இறந்தால் அதன் துணையான ஆண் பெண்ணாக மாறி அவ்விடத்தை நிரப்புகிறது. ‘புரோட்டாண்ட்ரி’ என்று உயிரியலார் குறிக்கும் இப்பண்பு மீண்டும் ஆணாகத் திரும்பவியலாத ஒருவழி மாற்றமாதலால், கடையில் எடுப்பாகத் தெரியும் இரண்டு பெரிய மீன்களை இணையென்று கருதி வாங்குவோர் பெரும்பாலும் ஒன்றையொன்று கடித்துக் குதறும் இரு பெண்களையே வீட்டுக்குக் கொண்டுவர நேரிடும். அளவில் சற்றே வேறுபட்ட இரண்டு இளமீன்களே தக்க தேர்வு. பால் அறியும் தொல்லையும் அதில் இல்லை. அவற்றைத் தொட்டியில் விடுமுன், பையிலுள்ள நீருடன் தொட்டிநீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, உவர்ப்புத்தன்மை, அதாவது நீரில் கரைந்துள்ள உப்பின் அளவு (கடல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம்), இரண்டிலும் ஒத்துவரச் செய்தல் வேண்டும்.