‘நம் பண்பாடு’ யாருடைய பண்பாடு?

பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் போகும் சாலையில் சில கிலோமீட்டர் தாண்டினால் திருமழிசை. 2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தையைத் தற்காலிகமாக இங்கே மாற்றியபோது ஊர்ப் பெயர் தினமும் செய்தியில் அடிபட்டது. மற்ற நாட்களில் சிட்கோ தொழிற்பேட்டையும் ஜெகந்நாதப் பெருமாள் கோயிலும்தான் ஊருக்கு அடையாளம். வைணவர்களுக்கு இது திருமழிசை ஆழ்வார் அவதரித்த தலம். பிறந்ததும் கைவிடப்பட்டு, பிரம்பு அறுக்க வந்த திருவாளன், பங்கயச்செல்வி தம்பதியிடம் வளர்ந்தவர் அவர். சமணம், பௌத்தம், சைவம் என ஒவ்வொன்றிலும் புகுந்து கற்றுவிட்டுக் கடைசியில் பேயாழ்வாருக்குச் சீடரானார் என்கிறது குருபரம்பரைக் கதை.

தத்துவவாதி என்றால் நம் மனதில் எழும் உருவம் இதுதான்: வீட்டை விட்டுக் கிளம்பியவர், உண்மையைத் தேடி அலைந்தவர். ஆனால் வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, மாதச் சம்பளம் வாங்குகிற தத்துவவாதிகளும் உண்டு. இதே திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1908-ல் சென்னை கிறித்தவக் கல்லூரியில் வேதாந்தத்தின் அறவியல் பற்றி எம்.ஏ. ஆய்வேடு எழுதினார், அடுத்த ஆண்டு மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். 1947-ல் வந்த ‘மதமும் சமுதாயமும்’ நூலில் இந்து சமுதாயத்தில் பெண்களின் இடம் பற்றித் தனி அத்தியாயமே வைத்தார். பெண்ணைப் பற்றித் தத்துவம் பேசியது அப்படித்தான்: பேசியவர் ஆண், பேசப்பட்டவள் பெண்.

அந்த இடத்தை மாற்றிப் போட்ட தலைமுறையில் முக்கியமான பெயர் உமா நாராயண். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பி.ஏ., புனேயில் எம்.ஏ., 1990-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பிறகு நியூயார்க் மாநிலத்தில் உள்ள வாசர் கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். 1861-ல் பெண்களுக்கென்றே தொடங்கி, 1969-ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்ட கல்லூரி அது. அவர் எழுதிய ‘டிஸ்லொகேட்டிங் கல்ச்சர்ஸ்’ 1997-ல் வெளிவந்தது. மறு ஆண்டே அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் விக்டோரியா ஷக் விருதைப் பெற்றது.

பெண்ணுரிமை பேசும் இந்தியப் பெண்ணிடம் எல்லோரும் வைக்கும் குற்றச்சாட்டிலிருந்து அந்த நூல் தொடங்குகிறது: “இதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்தது.” நாராயணின் பதில் நேரடியானது. தனக்குப் பெண்ணியம் புத்தகத்திலிருந்து வரவில்லை. கூட்டுக் குடும்பத்தில் மாமியாரிடம் அம்மா பட்ட துயரத்தைப் பார்த்து வளர்ந்ததிலிருந்து வந்தது என்கிறார். வாய் திறக்க முடியாமல் தான் பட்டதையெல்லாம் மகளிடம் சொல்லிக் குமுறியதும் அம்மாதான். மகள் எதிர்த்துப் பேசியபோது ‘இது நம் வழக்கமில்லையே’ என்று வருந்தியதும் அதே அம்மாதான். குறை சொல்லும் குரலும் அடக்கும் குரலும் ஒரே பண்பாட்டுக்குள் இருக்கும்போது, ஒன்று மட்டும் எப்படி அந்நியமாகும்?

அதோடு அவர் விடவில்லை. பேன்ட் சட்டை, மின்சாரம், அணு உலை, நாடாளுமன்றம் எல்லாம் வெளியிலிருந்து வந்தவைதானே? அவற்றை ஏற்கும்போது பண்பாடு கெட்டுப்போவதாக யாரும் பதறுவதில்லை. பெண் படிக்கவோ, மறுமணம் செய்யவோ, பங்கு கேட்கவோ கிளம்பும்போது மட்டும் பண்பாட்டுக்கு ஆபத்து வந்துவிடுகிறது. எந்த மாற்றத்துக்கு ‘முன்னேற்றம்’ என்று பெயர், எதற்கு ‘சீரழிவு’ என்று பெயர் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினால், பேச்சு பண்பாட்டிலிருந்து அதிகாரத்துக்கு வந்துவிடுகிறது.

நூலில் அதிகம் பேசப்பட்ட பகுதி வரதட்சணைச் சாவுகளைப் பற்றியது. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்ற செய்தி எண்பதுகளில் நாளிதழ் படித்த யாருக்கும் பழக்கம். 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்திருந்தாலும், எழுபதுகளின் கடைசியில் பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கிய பிறகுதான் இந்தச் சாவுகளுக்கு ஒரு பெயர் கிடைத்தது. 1983-ல் கணவன் வீட்டாரின் கொடுமையைத் தண்டிக்கும் 498ஏ, 1986-ல் வரதட்சணைச் சாவுக்கான 304பி என்று சட்டப் பிரிவுகள் வந்தன. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் மனைவி இயற்கைக்கு மாறாக இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை என்பது நமக்கெல்லாம் தெரிந்த நடைமுறையாயிற்று.

அமெரிக்காவிலும் கணவனாலோ காதலனாலோ பெண்கள் கொல்லப்படுகிறார்கள். ஆனால் அந்தக் கொலைகளுக்கென்று தனிப் பெயரோ, எல்லோரும் அறிந்த கணக்கோ அங்கே இல்லை என்பதை நாராயண் கவனித்தார். எண்களைத் தேடிப் பிடித்தார். அன்றைக்கு இந்தியாவில் வரதட்சணைக் கொலைகள் ஆண்டுக்கு 5,000 என்று சொல்லப்பட்டது; அமெரிக்காவில் துணைவரால் கொல்லப்பட்ட பெண்கள் ஏறத்தாழ 1,400 பேர். மக்கள்தொகை வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே தீ, அங்கே துப்பாக்கி. இங்கே தீ ஏன் என்பதற்கு மதத்தில் விடை தேட வேண்டியதில்லை என்கிறார்: அன்றைக்கு மண்ணெண்ணெய் எல்லா வீட்டிலும் இருந்தது, சமையலறை விபத்து என்று சொல்லிவிடலாம், தடயமும் அழிந்துவிடும்.

இதை விளக்க ஒரு கற்பனையும் செய்தார். இந்தியப் பத்திரிகையாளர் ஒருவர் அமெரிக்கா போய், அங்கே மனைவியர் கொல்லப்படுவதற்கு ஆதாம் ஏவாள் கதையிலும் கிறித்தவ நம்பிக்கையிலும் காரணம் தேடிப் புத்தகம் எழுதினால் எப்படி இருக்கும்? அமெரிக்க வாசகர் சிரிப்பார். ஆனால் இந்தியப் பெண்களைப் பற்றி அதே மாதிரி எழுதினால் ஆழமான ஆய்வென்று பாராட்டுவார்.

இந்தக் கணக்கு இந்தியாவுக்குக் கொடுத்த நற்சான்றிதழ் அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகப் பதிவுகளில் வரதட்சணைச் சாவுகள் அண்மை ஆண்டுகளிலும் 6,000-க்கு மேல்தான்.

‘தொன்றுதொட்டு’ என்ற பேச்சையும் அவர் விட்டுவைக்கவில்லை. சதி எல்லாக் காலத்திலும் எல்லா இந்துக்களுக்கும் பொதுவான வழக்கமாக இருந்ததில்லை. சில பகுதிகளிலும் சில சமூகங்களிலும்தான் இருந்தது. அதைச் சாத்திரத்தில் தேடி, பண்டிதர்களிடம் விளக்கம் கேட்டு, மொத்த மரபின் சின்னமாக ஆக்கியதில் ஆங்கில ஆட்சியின் விவாதங்களுக்கும் பங்குண்டு என்று வரலாற்றாய்வாளர் லதா மணி காட்டியிருந்தார். நாராயண் அதை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் சென்றார். 1987-ல் ராஜஸ்தானின் தேவராலாவில் ரூப் கன்வர் சிதையில் இறந்தபோது, அதை ஆதரித்தவர்களும் ‘மரபு’ என்றார்கள். தூற்றிய வெளிநாட்டவர்களும் ‘மரபு’ என்றார்கள். இரு தரப்பும் ஒரே படத்தைத்தான் கையில் வைத்திருந்தன.

நம் ஊர்க் கதை ஒன்றை இந்தக் கண்ணோடு படித்துப் பார்க்கலாம். பூந்தமல்லி, பிராமணரல்லாத வைணவ அடியார் திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். அவர் உண்ட மிச்சத்தைப் பிரசாதமாகப் பெற விரும்பி ராமானுஜர் விருந்துக்கு அழைத்தார். ராமானுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து உண்டுவிட்டுப் போக, மனைவி தஞ்சம்மாள் இலையை எறிந்து, வீட்டைக் கழுவி, குளித்துவிட்டு வேறு சமைத்தார் என்கிறது கதை. சாதி பார்த்தவர் அவர்தான் என்று நாம் முடித்துவிடுகிறோம். ஆனால் அந்தத் தீட்டு விதிகளை அவர் உண்டாக்கவில்லை. அவற்றைப் பிசகாமல் காப்பதே நல்ல இல்லாளுக்கு அழகு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர். அந்த வீட்டில் அவர் இருந்தபோது நடந்தவை, பிறகு கணவர் மேற்கொண்ட துறவுக்குக் காரணமாக மட்டுமே நினைக்கப்படுகின்றன. மரபைச் சுமக்கும் வேலையும் பெண்ணுக்கு, மரபுக்கான பழியும் பெண்ணுக்கு.

அறவியல் வகுப்புகளில் நாராயணின் பெயர் இன்னொரு விவாதத்திலும் வரும். 1982-ல் கரோல் கில்லிகன் என்ற அமெரிக்க உளவியலாளர், அறம் என்றால் உரிமையும் நீதியும் மட்டுமல்ல, பரிவும் பராமரிப்பும் அறம்தான் என்று வாதிட்டார். வீட்டில் குழந்தையையும் முதியவரையும் கவனிக்கிறவர்களின் அனுபவம் தத்துவப் பேச்சில் ஏறியது. பலரும் வரவேற்றார்கள். 1995-ல் நாராயண் எழுதிய கட்டுரை அதில் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தது: காலனி ஆட்சியும் பரிவின் மொழியில்தானே பேசியது? ‘அறியாத மக்களைக் கைதூக்கி விடுகிறோம்’ என்றுதான் நாடுகளைப் பிடித்தார்கள். அப்போது ஆளப்பட்டவர்களுக்குக் கைகொடுத்தது உரிமை என்ற கருத்துதான். ஆகவே பரிவா நீதியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வீண்; எந்த நேரத்தில் எது எதற்கு வழிவிடுகிறது என்று பார்க்க வேண்டும் என்றார்.

தமிழ்நாட்டில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. குழந்தையைக் காப்பாற்றியது பரிவு. அதற்கு மூன்றாண்டு முன்பு, 1989-ல், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழக அரசு சட்டம் திருத்தியிருந்தது, இது நீதி. மகள் செலவு மட்டுமே என்ற எண்ணம் தளர இரண்டாவதும் வேண்டியிருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையை, வீட்டில் பெண்கள் செய்யும் கூலியில்லா வேலைக்கான அங்கீகாரமாக அரசு முன்வைத்ததும் இந்த விவாதத்தோடு ஒட்டியதுதான்.

2002-ல் வெளிவந்த கட்டுரையில் நாராயண் பழைய டெல்லியின் பீர்ஜாதா குடும்பத்துப் பெண்களை எடுத்துக்கொள்கிறார். சூஃபி தர்காவைச் சார்ந்து வாழும் அவர்கள் பர்தா அணிபவர்கள். அவர்களை ஏமாளிகள் என்பார் சிலர், கைதிகள் என்பார் வேறு சிலர். அந்தப் பெண்களோ புழுக்கமாக இருக்கிறது, சுதந்திரமாகப் போய்வர முடியவில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள்; குடும்ப கௌரவமும் பாதுகாப்பும் அதனால் கிடைக்கின்றன என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் எடைபோட்டுப் பேரம் பேசுகிறார்கள். அந்த முடிவைப் பிடுங்கிக்கொள்ள அரசுக்கு உரிமையில்லை; வேறு வழி வேண்டும் என்கிற பெண்ணுக்கு அந்த வழியைத் திறந்து வைக்கும் கடமை அதற்கு உண்டு என்பது அவர் நிலைப்பாடு. தமிழ்நாட்டில் வேலைக்குப் போக வேண்டும் என்று வீட்டில் பேச்செடுக்கும் பெண்ணுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசப் பயணமும், வெளியூரில் தங்க வேண்டியிருந்தால் அரசின் ‘தோழி’ விடுதியில் ஒரு கட்டிலும் அந்தப் பேரத்தில் கணக்கில் வருகிறவைதான்.