தாலமி வைத்த புள்ளி

பூமி நடுவில் அசையாமல் நிற்கிறது. சூரியன், சந்திரன், கோள்கள், விண்மீன்கள் எல்லாம் அதைச் சுற்றி வருகின்றன. ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் பெரும்பாலான வானியலாளர்கள் இப்படித்தான் கருதினார்கள். பள்ளிப் பாடங்களில் இந்தப் புவிமையக் கொள்கைக்கு ஒரே வேலைதான்: கோப்பர்நிக்கஸ் வந்து வீழ்த்தும்வரை காத்திருப்பது. அதை வெறும் மூடநம்பிக்கையாக ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்று கையில் இருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால், பூமி நிற்கிறது என்றவர்கள் பக்கமே வலு அதிகம்.

மாற்றிச் சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே சாமோஸ் தீவைச் சேர்ந்த அரிஸ்டார்க்கஸ், சூரியனை நடுவில் வைத்தார். ஆனால், பூமி சூரியனைச் சுற்றினால் ஆறு மாதத்தில் நாம் வெகுதூரம் இடம் மாறியிருப்போம். விண்மீன்களும் சற்றே இடம் மாறித் தெரிய வேண்டும். எந்த விண்மீனும் அப்படி நகரக் காணோம். விண்மீன்கள் அளவிட முடியாத தொலைவில் இருந்தால் நகர்வு தெரியாது என்பதே இதற்கான விடை. அரிஸ்டார்க்கஸ் அப்படித்தான் கொண்டார் என்பது ஆர்க்கிமிடீஸின் எழுத்து வழியே நமக்குத் தெரிகிறது. சரியான விடைதான், மெய்ப்பிக்கத்தான் வழியில்லை. 1838இல் ஜெர்மானிய வானியலாளர் பெஸல் அந்த நகர்வை ஒரு விண்மீனில் அளந்து காட்டினார். அவர் கண்ட கோணம், ஒரு பாகையை 11,000 கூறாக்கினால் அதில் ஒரு கூறு. வெறுங்கண்ணால் வானம் பார்த்தவர்கள் இதைக் காணவில்லை என்று குறை சொல்வது எந்த நியாயம்?

கிரேக்க வானியலாளர்களை உண்மையில் உறங்கவிடாதது செவ்வாய்தான். விண்மீன்களுக்கிடையே மேற்கிலிருந்து கிழக்காக நகரும் அந்தக் கோள், ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை தயங்கி நின்று, இரண்டு மாதத்துக்கும் மேலாகப் பின்னோக்கி நடந்து, மறுபடி முன்னே திரும்பும். நம் பஞ்சாங்கங்கள் வக்கிரம் என்று குறிப்பது இதைத்தான். கடைசியாக 2024 டிசம்பரிலிருந்து 2025 பிப்ரவரி வரை அப்படி நடந்தது. பூமியைச் சுற்றி ஒரே சீராகச் சுழலும் ஒரு வட்டத்தால் இதை விளக்கவே முடியாது.

கி.பி. 150 வாக்கில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, அல்மகெஸ்ட் என்று பின்னாளில் பெயர் பெற்ற 13 பகுதி கொண்ட நூலில் இதற்குக் கணக்கு எழுதினார். செவ்வாய் ஒரு சிறு வட்டத்தில் சுழல்கிறது. அந்தச் சிறு வட்டத்தின் மையம், பூமியைச் சூழ்ந்த பெரிய வட்டத்தின் மேல் ஊர்கிறது. இரண்டு சுழற்சியும் சேரும்போது வக்கிரம் தானாக வந்துவிடும். கணக்கு பொய்க்கப் பொய்க்க வட்டத்தின் மேல் வட்டமாக டஜன் கணக்கில் அடுக்கிக்கொண்டே போனார்கள் என்று சொல்வதெல்லாம் பிற்காலக் கட்டுக்கதை. செவ்வாயின் முன்பின் நடைக்குத் தாலமி வைத்த சிறு வட்டம் ஒன்றே ஒன்று. இன்று நமக்குத் தெரியும், அந்தச் சிறு வட்டம் நம் பூமியின் ஓட்டம்தான். நாம் சூரியனைச் சுற்றுவதை அவர் செவ்வாயின் தலையில் ஏற்றிவிட்டார்.

அதற்கு மேலும் ஒரு சிக்கல் மிஞ்சியது. செவ்வாயின் வக்கிர வளையங்கள் வானத்தில் சம இடைவெளியில் விழுவதில்லை. அகலமும் ஒன்றுபோல் இல்லை. தாலமி பூமியைப் பெரிய வட்டத்தின் மையத்திலிருந்து சற்று நகர்த்தினார். மையத்துக்கு மறுபுறம் அதே தொலைவில் வெறுமையாக ஒரு புள்ளியைக் குறித்தார். சிறு வட்டத்தின் மையம் சீரான வேகத்தில் நகர்வதாகத் தெரிவது அந்தப் புள்ளியிலிருந்து மட்டுமே. பூமியிலிருந்தும் இல்லை, வட்டத்தின் மையத்திலிருந்தும் இல்லை. ஈக்வண்ட் என்று அதற்குப் பெயர் வந்தது.

கணக்கு பொருந்தியது. ஆனால் வானத்தில் எல்லாம் மையத்தைச் சுற்றிச் சீராகச் சுழல வேண்டும் என்ற அடிப்படைக் கொள்கையே உடைந்தது. 11ஆம் நூற்றாண்டில் இப்னு அல்ஹைதம் இதைக் கடுமையாகச் சாடினார். 13ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தின் மராகா வானாய்வகத்தை நடத்திய நசீருத்தீன் தூசி, அந்தப் புள்ளி இல்லாமலே அதே விளைவைத் தரும் வட்ட அமைப்பொன்றைக் கண்டுபிடித்தார். டமாஸ்கஸின் இப்னு அல்ஷாதிரும் அதைத் தவிர்த்தே தன் கணக்குகளை அமைத்தார். 1543இல் தன் பெருநூலை வெளியிட்ட கோப்பர்நிக்கஸுக்கும் தாலமியிடம் பிடிக்காமல் போனவற்றுள் முக்கியமானது இந்தப் புள்ளிதான். பூமியை ஓடவிடும் துணிவு இருந்தவருக்கும் சீரான வட்டத்தை விட மனம் வரவில்லை.

புள்ளியை மீட்டுக் கொண்டுவந்தவர் கெப்ளர். டைக்கோ பிராஹே அளந்து வைத்த செவ்வாயின் இடங்களோடு மல்லுக்கட்டியபோது, முதலில் அவர் கையில் எடுத்தது தாலமியின் இந்த உத்தியைத்தான். ஆனால் அதுவும் 8 கலை, அதாவது ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தவறியது. டைக்கோ அவ்வளவு தவறியிருக்க மாட்டார் என்று நம்பிய கெப்ளர், வட்டத்தையே கைவிட்டு நீள்வட்டத்துக்குப் போனார். 1609இல் அதை வெளியிட்டார். நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள். ஒன்றில் சூரியன், மற்றொன்று காலி. அந்தக் காலிக் குவியத்திலிருந்து பார்த்தால் கோள் ஏறக்குறையச் சீராகவே நகரும். தாலமியின் புள்ளி செய்த வேலை இதுதான். வட்டத்தின் ஆரம் 60 என்றால், செவ்வாய்க்கு அந்தப் புள்ளி மையத்திலிருந்து 6 விலகியிருப்பதாகத் தாலமி கணக்கிட்டார். செவ்வாயின் நீள்வட்டத்துக்கு அதே அளவுகோலில் இன்றைய கணக்கு 5.6.