சிக்ஸ்டீன் டன்ஸ் (பாடல்)

சிக்ஸ்டீன் டன்ஸ் (பதினாறு டன்கள்) என்பது ஐக்கிய அமெரிக்காவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் வாழ்வைப் பற்றிய ஒரு கன்ட்ரி இசைப் பாடல் ஆகும். மெர்ல் டிராவிஸ் இதனை 1946 இல் பதிவு செய்தார். டென்னசி எர்னி ஃபோர்டு 1955 இல் பாடிய வடிவமே உலகப் புகழ் பெற்றது.

பின்னணி

டிராவிஸ் 1917 இல் கென்டக்கி மாநிலத்தின் மியூலன்பர்க் மாவட்டத்தில் பிறந்தவர். இவரது தந்தை ஒரு சுரங்கத் தொழிலாளி. பாடலின் பல்லவியில் தந்தை அடிக்கடி கூறிவந்த சொற்களையும், அண்ணன் எழுதிய கடிதம் ஒன்றின் சொற்களையும் டிராவிஸ் எடுத்தாண்டார். கென்டக்கியைச் சேர்ந்த ஜார்ஜ் டேவிஸ் என்ற பாடகர் இப்பாடலுக்குத் தாமே மூலம் என்று உரிமை கோரியதும் உண்டு. எனினும் பதிவுகளில் டிராவிசின் பெயரே இடம்பெறுகிறது.

கம்பனிக் கடை முறை

அக்காலச் சுரங்க ஊர்கள் பலவற்றில் வீடு, கடை ஆகிய அனைத்தும் சுரங்க நிறுவனத்துக்கே சொந்தமாக இருந்தன. தொழிலாளி மண்வாரியால் அள்ளி ஏற்றிய நிலக்கரியின் எடைக்கு ஏற்பக் கூலி கணக்கிடப்பட்டது. அமெரிக்க அளவில் ஒரு டன் என்பது 2,000 இறாத்தல். எனவே பதினாறு டன் என்பது ஏறத்தாழ 14,500 கிலோகிராம் ஆகும்.

பல இடங்களில் கூலி பணமாக அன்றி, நிறுவனம் வெளியிட்ட சீட்டுகளாகவோ உலோக வில்லைகளாகவோ வழங்கப்பட்டது. இவை பொதுவாகக் கம்பனிக் கடையில் மட்டுமே முழு மதிப்புடன் செல்லுபடியாயின. அக்கடையில் விலையை நிறுவனமே முடிவு செய்தது. கூலி நாளுக்கு முன்பே கடனாகப் பொருள் வாங்கிய குடும்பங்களுக்கு, கழிவு போகக் கையில் ஒன்றும் மிஞ்சாத நிலை ஏற்பட்டது. கடன் தீராமல் வேறு வேலை தேடிச் செல்வதும் கடினமாயிற்று.

பாடலின் கருத்து

சரணங்களில் தொழிலாளி தன் உடல் வலிமையையும் அஞ்சாமையையும் பெருமையுடன் கூறுகிறான். பல்லவியோ அவ்வுழைப்பின் பயன் முதுமையும் கடனுமே என்கிறது. எவருக்கும் அஞ்சாத ஒருவன் கடைக் கணக்குக்கு அடிமைப்பட்டிருக்கும் இந்த முரணே பாடலின் மையம் ஆகும். இதில் இரக்கம் வேண்டும் தொனி இல்லை. உழைக்கும் வர்க்கத்தைப் பற்றிய கன்ட்ரி பாடல்கள் பலவற்றில் இவ்வாறு பெருமையும் மனக்குறையும் இணைந்தே வருவதைக் காணலாம்.

வரவேற்பு

டிராவிசின் பதிவு 1947 இல் கேப்பிட்டல் நிறுவனத்தின் இசைத்தொகுப்பில் வெளிவந்தது. அப்போது அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. ஃபோர்டு இதனைத் தாழ்ந்த குரலில், விரற்சொடுக்கின் தாளத்துடனும் கிளாரினெட் இசையுடனும் பாடினார். அவ்வடிவம் பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் 10 வாரங்கள் முதலிடத்தில் இருந்ததுடன், பாப் பட்டியலிலும் முதலிடம் பெற்றது. சீட்டுக் கூலி முறை பெரும்பாலும் மறைந்துவிட்ட காலத்தில் இவ்வெற்றி கிடைத்தது குறிப்பிடத்தக்கது. பின்னர் ஜானி கேஷ் உள்ளிட்ட பலரும் இதனைப் பாடியுள்ளனர். ஃபோர்டின் பதிவு 2015 இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.